கண்ணாடிக்காரன் பள்ளம்

"1967, ஐப்பசி கடைசி வாரம். மேற்குச் சரிவு முழுவதும் போயிற்று. கயிறு மேலிருந்து கீழாகக் கட்டியது சூப்பர்வைசர் உத்தரவு: நேரில். அண்ணன் தடுத்துச் சொன்னார்: பிறர் சொல்ல."

இது நான் எழுதி வைத்த குறிப்பு. அந்த வயதில் சரித்திரப் புத்தகங்களை வெறிபிடித்தாற்போல் படித்துக்கொண்டிருந்தேன். கல்வெட்டைப் பார்த்து எழுதியவன் சொல்வதும் யாரோ சொல்லக் கேட்டு எழுதியவன் சொல்வதும் ஒன்றல்ல என்பது அதில் கற்ற பாடம். ஆகவே எதை எழுதினாலும் கடைசியில் "நேரில்" என்றோ "பிறர் சொல்ல" என்றோ சேர்த்துவிடுவேன். என் கண்ணாலும் காதாலும் அறிந்தது முதல் வகை. மற்றதெல்லாம் இரண்டாவது.

காஞ்சிபுரத்து நெசவுக்காரனுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கை கட்டிப்போட்ட மாதங்கள். தெருவில் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கிழை, நீட்ட முடியாது. கஞ்சி போட்ட பட்டிழை ஈரக்காற்றில் காயாது. தறிக்குழியில் ஊற்றெடுத்துத் தண்ணீர் நிற்கும்; கால் இறக்கி மிதிக்க வழியில்லை. ஆனால் சவ்வாது மலையில் கன்று நடுவதற்கு அந்த இரண்டு மாதங்களை விட்டால் வேறு காலமில்லை. கரிக்காக வெட்டி மொட்டையாகிவிட்ட சரிவுகள் அங்கே நிறைய இருந்தன. செய்யாறு அந்த மலையில் பிறந்து வருகிறது. மேலே காடு போனால் கீழே நம் ஏரிகளுக்கு வண்டல்தான் வந்து சேரும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சங்கம் வைத்து, அனுமதி வாங்கி, ஒரு சரிவை எடுத்துக்கொண்டார்கள். மழைக்குச் சும்மா இருக்கும் நெசவுக்காரர்களை அங்கே அழைத்துப்போவது என்று ஏற்பாடு. 1966 முதல் அண்ணனும் நானும் போனோம். ஆரணி, போளூர் என்று பஸ் மாறி அடிவாரத்தில் இறங்கி, பிறகு நடை.

சங்கத் தலைவர் சமணர். திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் நிலமுள்ளவர், நல்ல மனிதர். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சாப்பிடமாட்டார். அதனால் காலையில் காரில் புறப்பட்டு வந்து, அடிவாரத்து ரோட்டில் நின்று சரிவை அண்ணாந்து பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பி இலைக்கு முன் உட்கார்ந்தாக வேண்டும். சரிவில் ஏறி அவர் பார்த்ததே கிடையாது. அந்த வழக்கத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை வைத்து வித்தை காட்டியவர் மேல்தான் என் குறையெல்லாம்.

அவர், சங்கம் வேலைக்கு வைத்த சூப்பர்வைசர்; ஐயம்பேட்டைக்காரர். அவருடைய அப்பா தெருத் தெருவாகப் பாவு வேலைக்கு ஆள் கூட்டிக் கொடுத்தவர். மகனுக்குத் தறியும் தெரியாது, மலையும் தெரியாது. ஆனால் பாவு பார்க்க அழகாக இருக்கும் என்பது தெரியும். மழையிலும் மூடுபனியிலும் கூலிங்கிளாஸைக் கழற்றமாட்டார். அவர் வந்த முதல் வாரமே மலை ஜனங்கள் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்றுதான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் யார் பாவு நீட்டினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். விடிந்ததும் தெரு முழுக்கப் பட்டிழை நீண்டு கிடக்கும். சைக்கிளில் வருகிறவன் இறங்கி நிற்பான். அண்ணன் ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுமுனை வரைக்கும் பார்ப்பார். "இடது பக்கம் ஒரு விரக்கடை தொங்குது" என்பார். போய்ப் பார்த்தால் தொங்கும். அதிகம் பேசமாட்டார். அந்தக் காலைகளில் அவர் பேச்சுக்குத் தெருவே காத்திருக்கும். அவருக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

1967இல் மேற்குச் சரிவில் நடவு. கூடாரத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரர் எல்லோரிடமும் சொன்னார்:

"கயித்த மேலேர்ந்து கீழ நேரா வுடுங்கப்பா. கயித்துக்கு ரெண்டு பக்கமும் புல்ல சுத்தமா செதுக்கிடணும். தலைவரு ரோட்ல வந்து நின்னாருன்னா நம்ம தெருவுல பாவு போட்டாப்புல தெரியணும்."

ஒருவர் சிரித்தார். "பாவுக்குக் கஞ்சி யாரு சார் போடறது?"

"மழை போடும்யா. நீ கயித்த புடி."

இதை என் காதால் கேட்டேன். நேரில்.

மறுநாள் நான் கீழே நாற்றங்காலில் இருந்தேன். சரிவில் கோடு போட்டவர் அண்ணன். வேறு யார் போடுவார்கள்? ஒரு கண்ணை மூடிப் பார்த்து, உச்சிப் பாறையிலிருந்து அடிவாரம் வரைக்கும் பிசகில்லாமல் கயிறு இழுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் புல்லைச் செதுக்கி மண்ணைக் கொத்திப் புங்கனும் வேங்கையும் நட்டார்கள். தலைவர் வந்தார், ரோட்டில் நின்றார், கை தட்டினார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பச்சைச் சரிவில் செம்மண் கோடுகள், பிரித்துப்போட்ட பாவு மாதிரி.

மலைச்சரிவில் குறுக்காகத்தான் நட வேண்டும். தண்ணீர் ஒவ்வொரு வரிசையிலும் தடுக்கி நின்று இறங்க வேண்டும். மேலிருந்து கீழாகப் புல்லைச் செதுக்கினால் அது தண்ணீருக்கு வெட்டிக் கொடுத்த வாய்க்கால். வேறு எவன் கயிறு போட்டிருந்தாலும் எங்காவது கொஞ்சம் வளைந்திருக்கும், வளைவில் மண் தங்கியிருக்கும். அண்ணன் போட்ட கோட்டில் தண்ணீர் எங்குமே நிற்கவில்லை. அந்த வார மழையில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் ஆள் உயரப் பள்ளம் விழுந்தது. கன்றுகளும் மண்ணும் கீழே ஒரு மலைக்காரியின் சாமைக் கொல்லையில் போய்ப் படிந்தன.

மார்கழியில் ஊரில் சங்கக் கூட்டம். நானும் அண்ணனும் பின்வரிசையில் நின்றிருந்தோம். என்ன நடந்தது என்று தலைவர் கேட்டார். கண்ணாடிக்காரர் எழுந்து இரண்டு கையையும் விரித்தார்.

"பாவு போடறவங்க கையில மலைய குடுத்தா வேற எப்டி சார் இருக்கும்? தெருன்னு நெனச்சிக்கினாங்க!"

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். அண்ணனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். வெளியே வந்ததும் கையை விட்டார். கண்ணாடிக்காரரை நான் விடுவதில்லை என்று அங்கேயே, சைக்கிளை எடுக்கும்போதே, முடிவு செய்துகொண்டேன்.

ஊர் சிரிக்க ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாது. அந்தத் தையில் தெருவில் முதல் பாவு நீட்டியபோது அண்ணன் வழக்கம்போல் போய்க் குந்தினார்.

"ண்ணா, பாத்து. இது மலை இல்ல, தெரு" என்றான் ஒருவன்.

"தண்ணி கிண்ணி வந்துடப் போவுதுப்பா, வேட்டிய தூக்கிக் கட்டு" என்றான் இன்னொருவன்.

அண்ணன் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அப்புறம் அவர்கள் கூப்பிடவில்லை, இவர் போகவுமில்லை. தன் சொந்தப் பாவைக்கூட எங்கள் தெருவில் நீட்டாமல், முசரவாக்கத்தில் உறவுக்காரர் தெருவுக்குக் கொண்டுபோய் நீட்டிக்கொண்டு வந்தார். மலையில் விழுந்த அந்தப் பள்ளத்துக்கு ஊரில் பாவுக்காரன் பள்ளம் என்று பெயர் விழுந்திருந்தது. பாவுக்காரன் என்றால் யார் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எனக்கு வேண்டியது இதுதான்: அந்தப் பள்ளம் என் அண்ணன் பெயரிலிருந்து கழன்று, வெட்டச் சொன்னவர் கழுத்தில் போய் விழ வேண்டும். அடிதடி எனக்கு வராது. காத்திருக்க வரும்.

அடுத்த மழைக்கு அண்ணன் வரவில்லை, நான் போனேன். வனத்துறையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவர் சொன்னபடி இந்தத் தடவை குறுக்கே கல் வரப்பு கட்டி நட்டோம். கண்ணாடிக்காரர் அதே பதவியில்தான் இருந்தார். மலைக்கு வருவதை மட்டும் குறைத்துக்கொண்டார். மழை முடிந்து எல்லோரும் தறிக்குத் திரும்பியபின் நான் தை, மாசி இரண்டு மாதம் மலையிலேயே தங்கினேன். எனக்கு எழுதப் படிக்க ஆசை என்பதால் செடிக் கணக்கெடுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நான்கு முளைக்குச்சி, ஒரு கயிறு. சரிவில் ஆங்காங்கே கயிற்றைச் சதுரமாகக் கட்டி, அதற்குள் முளைத்திருப்பதையெல்லாம் எழுத வேண்டும். வெட்டிய காடு என்னவாகத் திரும்பி வருகிறது என்பது அப்படித்தான் தெரியும். விராலி முதலில் வந்தது. ஆவாரை வந்தது. உண்ணிச்செடி கூப்பிடாமலே வந்தது. எனக்குத் தெரியாத செடிக்கு மலைப்பெயர் சொன்னவள் அந்தச் சாமைக் கொல்லைக்காரி. நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றும் வேலையில் இருந்தாள். பெயர் சொல்லிவிட்டு, எனக்குத் தெரியுமென்று அவள் நினைத்த செடிகளைப் பற்றி என்னிடம் கேட்பாள். பாதி எனக்கும் தெரியாது. ஊருக்குப் போகும்போது நூலகத்தில் தடித்த புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வருவேன்.

கணக்கெடுப்பில் இடத்துக்கு ஒரு அடையாளம் எழுத வேண்டும். உச்சிப் பாறை இருந்தது, ஒற்றைக் கடுக்காய் மரம் இருந்தது. நடுவில் அந்தப் பள்ளம். முதல்நாள் அதன் ஓரத்தில் முளை அடித்துவிட்டு, கீழே இருந்த மலைக்காரிக்குக் குரல் கொடுத்தேன்:

"கண்ணாடிக்காரன் பள்ளத்துக்கு வலப்பக்கம் இருக்கேன், கயிற எடுத்துக்கினு வாம்மா."

அவள் கயிற்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பள்ளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவரா வெட்டினாரு?" என்றாள்.

"வெட்டச் சொன்னாரு."

"என் கொல்லையில ரெண்டு முழம் மண்ணு." கயிற்று நுனியை எடுத்து முளையில் சுற்றினாள். "நல்லா வெச்ச பேரு."

அதற்குப்பின் எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. நான் அதை ஒருநாளும் கோபமாகச் சொன்னதில்லை. "கடப்பாரை கண்ணாடிக்காரன் பள்ளத்துக்கு மேல கெடக்குது." "கண்ணாடிக்காரன் பள்ளத்துல பாத்து இறங்குங்கப்பா, வழுக்கும்." எப்போதும் இதே குரல். ஒவ்வொரு மழைக்கும் ஊரிலிருந்து புது ஆட்கள் வருவார்கள். ஏன் இந்தப் பெயர் என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. கேட்டால் சொல்வேன், எப்போதும் ஒரே மாதிரி, சுருக்கமாக, உத்தரவு போட்டது யார், தடுத்தது யார் என்று. என்னைவிட நன்றாகச் சொன்னவள் மலைக்காரிதான். அவள் சொல்லும்போது கண்ணாடிக்காரர் உச்சிப் பாறையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார், குரங்குகள் பயந்து ஓடும். குடையும் குரங்கும் அவள் சேர்த்தவை. நான் திருத்தவில்லை.

1969 கார்த்திகையில் தலைவர் மலைக்கு வந்தார். உடன் கண்ணாடிக்காரர். கிழக்குப் பக்கம் புதுச் சரிவு ஒன்றை எடுப்பதென்றும், அதற்கும் அவரையே பொறுப்பாக வைப்பதென்றும் பேச்சு. மழை தூறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல ரோட்டில் நின்று பார்த்தால் மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னைக்கு ஏறிப் பாத்துடலாம்" என்றார் தலைவர்.

"சேறா இருக்குது சார், வேணாமே" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருக்கட்டும்பா. நேரம் இருக்குது."

கையைப் பிடித்து ஏற்றிவிட நான் பின்னால் போனேன். பாதி வழியில் மலைக்காரி கன்றுக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே இறங்கி வந்தாள். கண்ணாடிக்காரர் அப்போது நின்று, கூலிங்கிளாஸைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். தூறல் அதில் மணிமணியாக ஒட்டியிருந்தது. கண்ணாடி இல்லாத அவர் முகத்தை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். மலைக்காரிக்கு அவர் யாரோ.

"புது நடவு எந்தப் பக்கம்மா?" என்றார் தலைவர்.

"இப்டியே ஏறி, கண்ணாடிக்காரன் பள்ளத்தத் தாண்டிட்டீங்கன்னா குறுக்கு வரப்பு தெரியும் சாமி."

"யாரும்மா அது கண்ணாடிக்காரன்?"

அவள் கூடையை இறக்கி வைத்தாள். கூடையை அவள் இறக்கி வைத்தால் கதை பெரியது என்று அர்த்தம். நான் நினைத்திருந்தால் ஒரு செருமலில் நிறுத்தியிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"காஞ்சிவரத்துலேர்ந்து ஒரு ஆளு வந்தான் சாமி. மழையிலயும் கறுப்புக் கண்ணாடி. ரோட்டுல நின்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்னு மலைய மேலேர்ந்து கீழ கோடு கிழிச்சான். எங்க ஊரு குரங்குகூட சரிவுல நேரா இறங்காது. இவன் தண்ணிய நேரா இறக்கிட்டான். என் சாமை போச்சு."

தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "அது ஒரு நெசவுக்காரர் தெரியாம போட்டதுன்னு சொன்னாங்களே?"

"அவரா? பாவம், அவரு கயித்த புடிச்ச மனுசன். குறுக்கால போடலாம் சார்னு சொன்னாராம். அந்த ஆளு கேட்டாத்தானே?"

தலைவர் திரும்பினார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடிந்துவிட்டது. ஆனால் மாட்டிக்கொள்ள முடியாது. மாட்டினால் அவள் சொல்லும் ஆள் யார் என்று அவளுக்கே தெரிந்துவிடும். மறுபடியும் துடைத்தார். அந்த இரண்டாவது துடைப்பை நான் இன்றைக்கும் சாவகாசமாக நினைத்துப் பார்ப்பதுண்டு. பார்க்கப் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

"அந்த வருஷம் மழை ஜாஸ்தி சார்" என்றார் கடைசியில்.

"பக்கத்துச் சரிவுலயும் அதே மழைதானே பேஞ்சுது?" என்றார் தலைவர். குரலை உயர்த்தவில்லை.

கண்ணாடி ஜிப்பாப் பைக்குள் போயிற்று. மலைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டாள். தலைவர் பள்ளம் வரைக்கும் ஏறி, ஓரத்தில் நின்று, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சாப்பாட்டு வேளைக்கு ஊர் சேர வேண்டும் என்று இறங்கிவிட்டார். காரில் கண்ணாடிக்காரரை முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வரும்போது இருவரும் பின்சீட்டில் வந்தவர்கள். கிழக்குச் சரிவு வேறொருவருக்குப் போயிற்று.

எங்களோடு வேலைக்கு வந்திருந்தவர்கள் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். மார்கழியில் பஸ்ஸில் திரும்பும்போது ஆரணி வருவதற்குள் அந்தக் கதைக்கு நான்கு ரூபம் வந்துவிட்டது. ஊரில் டீக்கடையில் கண்ணாடிக்காரரைப் பார்த்து, "சார், மழை வர்ற மாதிரி இருக்குது, கண்ணாடிய கழட்டி வெச்சிக்கோங்க" என்று ஒரு பையன் சொல்ல, அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாராம். அது பிறர் சொல்ல. தைப் பிறப்புக்குள் கூலிங்கிளாஸ் போடுவதை அவர் அடியோடு விட்டுவிட்டார், அது நேரில். எதிரே வந்தால் நான் சைக்கிளிலிருந்து இறங்கி, "வணக்கம் சார், மலைப்பக்கம் வர்றதேயில்லையே?" என்று மரியாதையாக விசாரிப்பேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது எதிரே வரும்படி பார்த்துக்கொண்டேன்.

தையில் ஒருநாள் விடியற்காலம், எங்கள் வீட்டு வாசலில் குரல்.

"ண்ணா, கீறியா? பாவு நீட்டியாச்சு. வந்து ஒரு கண்ணு பாத்துட்டுப் போயேன்."

தண்ணி வந்துடப் போவுது என்று கேலி செய்தவனேதான். அண்ணன் வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நானும் போனேன். வேறு எதற்காக இரண்டு வருஷம் மலை ஏறினேன்? அவர் முனையில் குந்தி ஒரு கண்ணை மூடினார். தெரு பேச்சை நிறுத்தியது. "நடுவுல ரெண்டாவது கழி, கொஞ்சம் தூக்கு" என்றார். தூக்கினார்கள். சரியாகிவிட்டது. கஞ்சி தடவ ஆரம்பித்தார்கள்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணை இழையிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"மலையில என்ன சொல்லி வெச்சிருக்க?"

"நடந்ததத்தான் சொன்னேன்."

"குறுக்கால போடலாம்னு நான் சொன்னேன்னு சொல்லிக்கினு இருக்கானுங்க."

"நீ சொல்லலையா?"

அண்ணன் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "கஞ்சி காயுது பாரு. அந்த முனைய போய்ப் புடி" என்றார்.

போய்ப் பிடித்தேன். அப்புறம் அவர் சாகும்வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணன் தடுத்தார் என்ற செய்தி எனக்கு எப்படி வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். சரிவு போன அன்று, நடவின்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த எங்கள் தெருக்காரர் ஒருவர், "உங்க அண்ணன் சார்கிட்ட மொணமொணன்னு என்னவோ சொல்லிக்கினு இருந்தாரு. குறுக்கால கிறுக்காலன்னு காதுல வுழுந்துது. காத்து வேற" என்றார். அவ்வளவுதான். அதைத்தான் நான் மலைக்காரிக்குச் சொன்னேன், அவள் தலைவருக்குச் சொன்னாள். அந்தத் தெருக்காரர் 1971இல் பெங்களூருக்கு விசைத்தறி வேலைக்குப் போனார். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கண்ணாடிக்காரரைக் கேட்டிருக்கலாம். அவரிடம் கேட்டு எதையும் தெரிந்துகொள்ளும் உத்தேசம் எனக்கு இருந்ததில்லை.

கயிற்றை மேலிருந்து கீழாக விடச் சொன்னது அவர். அது நேரில். பள்ளம் அவர் பெயரில் இருப்பதற்கு எனக்கு அது போதும். இன்றைக்கும் அதை மாற்றி எழுதமாட்டேன். அண்ணன் அன்று வாய் திறந்து தடுத்தாரா என்பது மட்டும் உறுதிப்படவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னும் "பிறர் சொல்ல" என்றே இருக்கிறது.